நான்கு டிகிரி

வியாழன் மாலை, எலெக்ட்ரா தெருவில்
குஞ்ஞுமோன் கடையில் வாங்கினேன்:
பிச்சி, இரண்டு முழம்.
முழம் என்பது குஞ்ஞுமோனின் கை.
குட்டையான கை.
பனிக்காலமல்லோ சேச்சி, பூவே இல்லை என்று
தோவாளைச் சந்தையின் முழுக் குளிரையும்
என் பில்லில் ஏற்றினான்.

வெள்ளி காலை ததேயு கரைக்கு வரவேண்டும்.
இருபத்தெட்டு நாள் கடல்மேல், கிரேன் கூண்டுக்குள்
இரும்பும் டீசலும் மட்டும் மோந்தவன்.

வெள்ளி காலை அபுதாபியைக் காணோம்.
எதிர்க் கட்டிடம் இல்லை,
அதன் கீழே டாக்சிகள் இல்லை,
ஹாரன் மட்டும் இருந்தது.
மூடுபனி, ஹெலிகாப்டர் எழும்பாது,
என்று ஒரு வரி அனுப்பியிருந்தான்.

சரி.
நான் ரத்த வங்கியில் வேலை பார்ப்பவள்.
யாரோ கொடுத்துவிட்டுப் போன சிவப்பை
யாரென்று தெரியாத ஒருவருக்காக
முப்பத்தைந்து நாள் உயிரோடு வைத்திருக்கத் தெரியும்.
இரண்டு முழம் வெள்ளைக்கு
இரண்டு நாள் வாங்க முடியாதா?

கடைக்காரன் தெளித்த தண்ணீரை முதலில் உதறினேன்.
பூவைக் கொல்வது தாகமில்லை, ஈரம்.
ஒரு சொட்டு உட்கார்ந்த இடத்தில்
மறுநாள் ஒரு பழுப்புப் புள்ளி.
பருத்தித் துணியை நனைத்து,
இனி பிழிய ஒன்றுமில்லை என்னும்வரை பிழிந்து,
உள்ளே காகிதக் கைக்குட்டை விரித்து,
சுருளாமல் நெரியாமல் சரத்தைப் படுக்கவைத்து,
எவர்சில்வர் டப்பாவை மூடினேன்.
ஃபிரிட்ஜ் நாங்களும் ஜிஜோ குடும்பமும் பாதிப்பாதி.
ஜிஜோவின் ஆப்பிள்களைக் கீழ்த்தட்டுக்கு விரட்டினேன்.
ஆப்பிள் விடும் மூச்சில் பூவுக்கு வயசாகும்.
பின்சுவர் ஒட்டி வைத்தால் உறைந்து கருகும்.
நடுத்தட்டு, முன்பக்கம்.
ஆய்வகத்தில் கழித்துப்போட்ட தெர்மாமீட்டரைப் பக்கத்தில் சாய்த்தேன்.
நான்கு காட்டியது.
ரீத்து தன் மத்திக்குழம்பைக் கையில் ஏந்தியபடி
இதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள்.
பதில் சொல்லாமல் நின்றேன்.
ஒரே நாளில் தீர்த்துடறோம் என்றாள் பாவம்.

சனி. மறுபடி பனி.
டப்பாவைத் திறக்கக் கூடாது. திறந்தேன்.
முதுகில் இளஞ்சிவப்புக் கோடிட்ட மொட்டுகளில்
ஏழெட்டு
இருட்டுக்குள்ளேயே விரிந்திருந்தன.
யாரைக் கேட்டு?
மூன்று பழுப்பு. இடுக்கியால் எடுத்தேன்.
மூடிக்கு உட்புறம் வேர்த்திருந்தது, துடைத்தேன்.
அன்றிரவு கனவு இல்லை,
ஃபிரிட்ஜின் மோட்டார் நிற்பதும் தொடங்குவதும்.

ஞாயிறு பத்து மணிக்குப் பனி கலைந்ததாம்.
எனக்குத் தெரியாது.
ஏழிலிருந்து ஏழு வரை ஜன்னலில்லாத அறை.
பிரசவத்தில் யாருக்கோ ரத்தம் நிற்கவில்லை,
நான்கு பை, பிறகு இன்னும் இரண்டு.
பிழைத்துவிட்டாள் என்ற செய்தி
இரண்டரைக்கு வந்தபோதுதான்
போன் அதிர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"ஏட்டி டெல்பின், பாலு கெட்டுப்போச்சோ?"
வந்துவிட்டானா? வீட்டிலா?
"என்ன கெட்டுப்போச்சு?"
"டீ போட்டேன். பிச்சி மணம் அடிக்கு."

ஈரம் பார்த்தேன், ஆப்பிள் பார்த்தேன்,
பின்சுவர் பார்த்தேன், மத்தி பார்த்தேன்.
மூடி போடாத பால் சட்டியைப் பார்க்கவில்லை.

"கொட்டிரு."
"எதுக்கு? மூணாவது டம்ளர் இது."

இரவு எட்டுக்கு அவன் முன்னால் டப்பாவைத் திறந்தேன்.
வெள்ளை நின்றிருந்தது. காம்பு நின்றிருந்தது.
ஒரு இதழும் உதிரவில்லை.
மணம் மட்டும் கால்வாசி.
மீதி பாலில், ஜிஜோவின் வெண்ணெயில்,
நாளைக்கு ரீத்து உடைக்கப்போகும் முட்டையில்.

வைத்துக்கொண்டேன்.
ததேயு கிட்டே வந்து, பின்கழுத்தில் மூக்கை வைத்து,
நெடுநேரம் தேடினான்.

பிறகு
இன்னும் பால் இருக்கா என்றான்.